பழைய டிராக்டரில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை, வழி சொல்லுங்கள்

அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம். எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். டிராக்டர் அப்பா காலத்து வண்டி. இப்போதைய வண்டிகளில் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டர் கிடையாது, பழைய டைனமோவும், அதைப் பேட்டரியோடு சேர்த்தும் பிரித்தும் விடும் கட்டவுட் பெட்டியும்தான். ஒரு மாதமாக பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. ராத்திரி மேட்டில் நிறுத்தி, காலையில் இறக்கத்தில் உருட்டித்தான் ஸ்டார்ட் செய்கிறோம். தக்காளி லோடோடு ராயக்கோட்டை மண்டிக்குப் போனால் இன்ஜினை அணைக்கவே பயமாக இருக்கிறது.

பெல்ட்டை இறுக்கியாச்சு, கார்பன் பிரஷ்ஷும் புதுசு. இன்ஜின் ஓடாதபோது பேட்டரி 12.3 வோல்ட். வேகம் கொடுத்தாலும் அதே 12.3தான், 14 பக்கம் வந்திருக்க வேண்டும். அப்புறம் டைனமோவில் டி (கரண்ட் வெளியே வரும் முனை), எஃப் (ஃபீல்டு காயில் முனை) ஒயர் இரண்டையும் கழற்றி, அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து, அதற்கும் பாடிக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்த்தேன். வேகத்தை மெல்லக் கூட்டும்போதே 15 வோல்ட் தாண்டியது, உடனே நிறுத்திவிட்டேன். ஆக, டைனமோ நன்றாகத்தான் இருக்கிறது.

கட்டவுட் மூடியைத் திறந்தால் உள்ளே ஒட்டிப் பிரியும் பாயிண்ட் இரண்டும் கரி பிடித்து, ஒன்றில் கடுகளவு குழி. நைஸ் உப்புத்தாளால் தேய்த்ததும் ஆம்பியர் மீட்டர் முள் பிளஸ் பக்கம் ஏறியது. அவ்வளவு சந்தோஷம்! இரண்டே நாளில் மறுபடி பூஜ்ஜியம்.

பெட்டிக்குத் தனியாக எர்த் ஒயர் இழுத்துப் பார்க்கட்டுமா? தர்மபுரி, கிருஷ்ணகிரியில் கட்டவுட் பாயிண்ட் செட் செய்யத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் யாராவது இருக்கிறார்களா? கேட்ட இடமெல்லாம் ஆல்டர்நேட்டர் போடச் சொல்கிறார்கள். அப்படி மாற்றியவர்கள் பிராக்கெட்டையும் புல்லியையும் எப்படிப் பொருத்தினீர்கள் என்று போட்டோவோடு சொன்னால் பெரிய உதவி. அடுத்த வாரம் கேழ்வரகுக்கு உழவு ஓட்ட வேண்டும்.