காரில் திருகும் குமிழ்களை ஏன் எடுத்துவிட்டார்கள்?

கேள்வி: புது கார் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஏசி உட்பட எல்லாமே தொடுதிரைதான். நேற்று மழையில் முன்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது, அதைப் போக்கும் பட்டனைத் திரையில் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் முன்னால் போன வண்டி சட்டென்று பிரேக் போட்டது. இடிக்கவில்லை, ஆனால் கை நடுங்கிவிட்டது. பழைய காரில் அதற்குத் திருகும் குமிழ் ஒன்று இருந்தது. அதன் விளிம்பில் இருந்த வரிகளை வைத்தே விரல் கண்டுபிடித்துவிடும், பார்க்கவே வேண்டாம். எனக்கு மட்டும்தான் இப்படியா?

பதில்: எனக்கும் இதே கதைதான். 100 கி.மீ. வேகத்தில் 2 நொடி கண்ணை எடுத்தால் வண்டி 55 மீட்டர் போய்விடும்.

பதில்: தொடுதிரை புதுசு இல்லை அண்ணா, 1986-லேயே பியூக் ரிவியேரா காரில் வந்துவிட்டது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் யூரோ என்கேப் அமைப்பின் 2026 விதிகளில் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், ஹசார்ட் விளக்குக்கெல்லாம் தனி பட்டனோ லீவரோ இருந்தால்தான் நல்ல மதிப்பெண். ஏசி அந்தப் பட்டியலில் இல்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

பதில்: ஸ்டியரிங்கில் நாமே அமைத்துக்கொள்ளும் பட்டன் இருக்கிறதா பாருங்கள். நான் அதில் இந்த ஆவி நீக்கியைத்தான் வைத்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்: இருக்கிறது! இன்றைக்கே மாற்றிவிடுகிறேன், ரொம்ப நன்றி.