ராயபுரம் ஸ்டேஷனைச் சுற்றிக் காட்டும் இலவச நடை இந்த ஆண்டு உண்டா?

வணக்கம். ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினத்தையொட்டி நடக்கும் இலவச மரபு நடைகளில் இந்த முறை ராயபுரம் ரயில் நிலையம் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் ஆற்காடு பக்கத்தில் உள்ள வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பியது. சென்ட்ரல் வந்ததே 1873-இல்தான். ஆனாலும் எல்லாரும் படமெடுப்பது சென்ட்ரலின் மணிக்கூண்டைத்தான்!

அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தூண்கள் வரிசையாக நிற்கும் அந்த முகப்பை அவருக்குக் காட்ட வேண்டும். முழங்கால் வலி, ரொம்ப நேரம் நிற்க மாட்டார். நடுவில் உட்கார விடுவார்களா? முன்பதிவு வேண்டுமா, நேரே போய்ச் சேர்ந்துகொள்ளலாமா? பிளாட்பார டிக்கெட் நாமே எடுக்க வேண்டுமா? அப்புறம், தமிழில் விளக்குபவராக இருந்தால் ரொம்ப நல்லது. அப்பா குறுக்குக் கேள்வி கேட்காமல் இருக்க மாட்டார்.