'நமது நிருபர்' என்ற பெயரில் எத்தனை காலம் எழுதுவது?

தாலுகா நிருபர்:
எங்கள் ஊர் ஏரியின் உபரி நீர் வெளியேறும் கலங்கல் பகுதியை மூடிக் கட்டடம் எழுப்பியது பற்றி நான் அனுப்பிய செய்தி, மாவட்டப் பக்கத்தில் 'நமது நிருபர்' என்று வெளிவந்தது. அது மாநில அளவில் பேசப்பட்டதும் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, நான் சேகரித்திருந்த அடங்கல் என்ற நிலப் பதிவேட்டின் நகலையும் புல வரைபடத்தையும் வாங்கிச் சென்று, தம் பெயரில் முதல் பக்கக் கட்டுரை எழுதினார். எனக்கு வழக்கமான செய்திக் கட்டணம் வந்தது. வேலையை விடும் எண்ணம் இல்லை. இந்த மனக்குறையோடு அடுத்த செய்திக்கு எப்படிப் போவது என்று இத்தொழிலில் இருப்பவர்களைக் கேட்கிறேன்.

முன்னாள் துணை ஆசிரியர்:
தம்பி, மாவட்டப் பக்கங்களைப் பல ஆண்டுகள் தயாரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெயர் போடாமல் விடுவது எப்போதும் அலட்சியத்தால் நடப்பதில்லை. மணல் கொள்ளையைப் பற்றி எழுதுபவர் அதே ஊரில் குடியிருக்கிறார், அவர் பிள்ளைகள் அங்கேயே படிக்கிறார்கள். 2019இல் உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் மாவட்டத்தில், மதிய உணவாகக் குழந்தைகளுக்கு ரொட்டியும் உப்பும் தரப்பட்டதைக் காணொளியாக எடுத்த உள்ளூர் நிருபர் பவன் ஜெய்ஸ்வால்மீது சதி வழக்குப் போட்டார்கள். அவர் பெயர் நாடறிந்தது அந்த வழக்கால்தான். ஊரார் மனுவோடு உங்களைத் தேடி வருகிறார்கள் அல்லவா? அதைக்கொண்டு மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

சங்கப் பொறுப்பாளர்:
ஐயாவின் கருத்தை ஏற்க முடியவில்லை. அச்சுப் பத்திரிகையாளர் ஏன் காணொளி எடுத்தார் என்று மிர்சாபூர் மாவட்ட ஆட்சியரே கேட்டபோது பத்திரிகையாளர் அமைப்புகள் கண்டித்தன. அந்த ஆண்டு டிசம்பரில் காவல்துறை ஜெய்ஸ்வாலை வழக்கிலிருந்து விடுவித்தது. பெயர் தெரிந்ததால் குரல் எழுந்தது. 'நமது நிருபர்' மீது வழக்கு வந்தால் யாருக்காகக் குரல் கொடுப்பது?

தேற்றிக்கொள்ளச் சொல்வது நிர்வாகத்துக்கு வசதியான அறிவுரை. 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் நிருபரை வெளிப்படையாகவே குறிப்பிட்டது. பின்னர் பகுதி நேரப் பணியாளரும் அதன் வரையறைக்குள் வந்தார். பத்திரிகை ஊழியர்களின் சம்பளத்தைப் பரிந்துரைக்க அமைத்த மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகளை 2011இல் மத்திய அரசு ஏற்று அறிவித்தது, 2014இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆனால் நியமனக் கடிதமே இல்லாத தாலுகா நிருபர் எதைக் காட்டி அந்த ஊதியத்தைக் கேட்பார்? தீபாவளிக்கு விளம்பரம் பிடித்துத் தந்தால்தான் அடையாள அட்டை புதுப்பிக்கப்படும் என்று சொல்லும் இடங்களையும் நான் அறிவேன்.

முன்னாள் துணை ஆசிரியர்:
ஊதியத்தில் எனக்கு மறுப்பில்லை. பெயரைப் பற்றித்தான் அஞ்சுகிறேன். பெயர் வரவேண்டும் என்று எழுதத் தொடங்குபவர், நாளடைவில் தலைமை அலுவலகத்துக்குப் பிடித்த செய்தியையே தேடுகிறார். ரேஷன் கடையின் எடைக் குறைவும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இல்லாததும், ஊராட்சிக் குழாயில் தண்ணீர் வராததும் எழுதப்படாமலே போய்விடுகின்றன. இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

தாலுகா நிருபர்:
ஐயா, ஊராரின் நம்பிக்கை எனக்கு ஆறுதல்தான், ரேஷன் கடைச் செய்தியை நான் கைவிடவும் மாட்டேன். ஆனால் ஏரிச் செய்தியை எழுதியவன் நான் என்பது ஆக்கிரமித்தவருக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் தேநீர்க்கடைக்கும் முதல் நாளே தெரியும். தெரியாதவர்கள் வெளியூர் வாசகர்கள் மட்டுமே. பெயரை மறைத்ததால் எனக்குக் கிடைத்த பாதுகாப்பு என்ன? இனி ஆவணங்களைத் தருமுன், கட்டுரையில் என் பெயரும் இடம்பெற வேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்பேன். ஆபத்தான செய்தியில் பெயரை விடுவதானால் என்னைக் கேட்டு முடிவுசெய்யட்டும்.

சங்கப் பொறுப்பாளர்:
அப்படியே செய்யுங்கள், தோழர். வெளியான செய்திகளின் நறுக்குகள், கட்டணம் வரவான வங்கிக் கணக்குத் தாள், அனுப்பிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றைத் தேதிவாரியாகக் கோத்து வையுங்கள். நியமனக் கடிதம் இல்லாதவருக்கு, அந்நிறுவனத்தில் பணியாற்றினார் என்பதற்கு அவையே சான்று.