கல்பாக்கம் உலைகளை நாளை பிரிக்கப்போவது யார்? மனுவுக்கு முன் ஒரு விவாதம்

எண்ணூர்வாசி

எண்ணூர், திருவொற்றியூர், மீஞ்சூர் நலச்சங்கங்கள் சேர்ந்து கல்பாக்கம் அணு உலைகள் மூடப்பட்டபின் அவற்றைப் பிரிப்பது யார் பொறுப்பு என்பது பற்றி ஒன்றிய அரசுக்கு ஒரு மனு எழுதுவதாகப் பேசி வைத்திருக்கிறோம். அதன் வாசகத்தை முடிவு செய்யும் முன் இங்கே எல்லோருடைய கருத்தையும் கேட்கிறேன். கல்பாக்கத்தின் முதல் உலை 1984 ஜனவரியிலும் இரண்டாம் உலை 1986 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. முதல் உலை 2018 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டு ஆண்டுக்கணக்கில் மின்சாரம் தராமல் நின்றது. நிரந்தரமாக மூடுகிறோம் என்ற அறிவிப்பு வரவில்லை என்றாலும், நாற்பது வயதைத் தொட்ட உலைகளுக்கு அந்த நாள் வரத்தான் செய்யும். 2025 டிசம்பரில் நிறைவேறிய சாந்தி சட்டம் அணுமின் துறையைத் தனியாருக்கும் திறந்துவிட்டபின், உலையைப் பிரிக்கும் வேலை, அதாவது மூடிய உலையைக் கழற்றிக் கதிரியக்கக் கழிவைப் பத்திரப்படுத்தும் வேலை, யார் கைக்குப் போகும் என்ற கேள்வியை இனியும் ஒத்திப்போட முடியாது.

என் நிலைப்பாடு இதுதான். உலையை இயக்கிய அரசு நிறுவனமான அணுமின் கழகமே அதைப் பிரிப்பதும் கூடாது, தனியார் நிறுவனத்துக்கு விற்பதும் கூடாது. இந்த வேலைக்கென்றே, நாடாளுமன்றத்துக்குக் கணக்குக் காட்டும் தனிப் பொது அமைப்பு ஒன்று வேண்டும். ஸ்பெயினில் என்ரேசா என்ற அரசு நிறுவனம் அப்படித்தான் செயல்படுகிறது. கரோன்யா நிலையம் 2023 ஜூலையில் மின் நிறுவனத்திடமிருந்து அதன் பெயருக்கே மாறியது.

சென்னைக்குத் தெற்கே எழுபது கிலோமீட்டரில் இருப்பதற்கு வடசென்னைக்காரர்களுக்கு என்ன கவலை என்று கேட்பார்கள். பழைய இரும்பு உருகுவது கும்மிடிப்பூண்டியில். உடைக்கிற வேலைக்கு ஆள் போவது நம் தெருக்களிலிருந்து. 2008-ல் பிரான்சில் மின்தூக்கிப் பொத்தான்களில் கோபால்ட் 60 என்ற கதிரியக்கப் பொருள் கண்டுபிடிக்கப்பட்டபோது, அந்த எஃகு இந்தியாவில் உருக்கப்பட்டது என்று தெரியவந்தது. 2010-ல் டெல்லி பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய கதிர்வீச்சுக் கருவி மாயாபுரி காயலான் கடைக்குப் போய் ஓர் உயிரைக் குடித்தது. இரண்டுமே அணுமின் நிலையத்திலிருந்து வந்தவை அல்ல. ஆனால் கடைசிக் கை எது என்று யாரும் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவை போதும்.

தண்டையார்பேட்டை பொறியாளர்

எண்ணூர்வாசி ஐயாவின் அச்சம் எனக்குப் புரிகிறது, அவர் சொல்லும் தீர்வுதான் புரியவில்லை. அனல்மின் நிலையங்களில் கொதிகலன் பராமரிப்பிலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். பழைய நிலையத்தின் வரைபடத்தில் இருப்பது ஒன்று, குழாய் ஓடுவது வேறொன்று. இடையில் செய்த மாற்றங்கள் பாதி கோப்பில் இருக்கும், மீதி அங்கே வேலை பார்த்தவர்களின் தலையில்தான் இருக்கும்.

கல்பாக்கத்தில் இது இன்னும் கூடுதல். ஒவ்வோர் உலையிலும் 306 குளிர்விப்புக் குழாய்கள் உண்டு. இரண்டாம் உலையில் 2002-லும், அதன்பின் முதல் உலையிலும், அத்தனையையும் கழற்றிப் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். கதிரியக்கம் ஏறிய உலோகத்தைத் தொலைவிலிருந்து வெட்டி, கவசப் பெட்டியில் அடைத்து, அதே வளாகத்தில் வைத்துப் பாதுகாப்பது பிரிக்கும் வேலையில் மிகக் கடினமான பகுதி. அதைச் செய்து பழகியவர்களை விலக்கிவிட்டு, டெல்லியில் பெயர்ப்பலகை மாட்டிய புதிய அமைப்பிடம் கொடுப்பதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது? எரிந்த எரிபொருளும் எங்கோ போக வேண்டியதில்லை. மறுசுத்திகரிப்பு ஆலை பக்கத்திலேயே இருக்கிறது.

ஜெர்மனி 2017-ல் என்ன செய்தது என்று பாருங்கள். கழிவைச் சேமிக்கும் பொறுப்பை அரசு எடுத்துக்கொண்டு, அதற்காக மின் நிறுவனங்களிடமிருந்து சுமார் 2,400 கோடி யூரோவை வாங்கி ஒரு பொது நிதியில் போட்டது. உலையைப் பிரிக்கும் வேலையை மட்டும் இயக்கியவர்களிடமே விட்டது. தெரிந்தவன் கையால் பிரிக்கட்டும், பணம் வேறொருவர் பூட்டில் இருக்கட்டும் என்பது நல்ல ஏற்பாடு.

ராயபுரம் கணக்கர்

தெரிந்தவன் கையால் பிரிக்கட்டும் என்கிறீர்கள். ராஜஸ்தானில் ராவத்பாட்டாவின் முதல் உலை 2004-ல் நின்றது. இருபது ஆண்டுகள் கடந்தும் அது பிரிக்கப்படவில்லை, தெரிந்தவர்கள்தான் வைத்திருக்கிறார்கள். 2012-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையர் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையைப் படித்துப் பாருங்கள். பிரிப்பு குறித்த வழிகாட்டியை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1998-லேயே வெளியிட்டும், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு நிலையத்துக்குக்கூடப் பிரிப்புத் திட்டம் இல்லை என்று அது எழுதியது. தன் சொத்தைத் தானே பிரிக்க வேண்டியவனுக்கு அவசரம் இருக்காது, அதுவும் தேதி தவறினால் அபராதம் கட்ட வேண்டியதில்லை என்றால் சொல்லவே வேண்டாம்.

இனிப் பணத்துக்கு வருகிறேன். பிரிப்புச் செலவுக்காக மின் கட்டணத்தில் யூனிட்டுக்கு 2 பைசா பிடிக்கிறார்கள். 220 மெகாவாட் உலை ஒன்று ஓராண்டு முழுவதும் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடினால் 193 கோடி யூனிட் வரும். 2 பைசா வீதம் அது 3 கோடியே 85 லட்சம் ரூபாய். கல்பாக்கம் உலைகள் அப்படி நிற்காமல் ஓடியவையும் அல்ல, தொடக்க ஆண்டுகளில் கோளாறினால் திறன் குறைத்து ஓட்டப்பட்டவை. அமெரிக்காவில் மெய்ன் யாங்கி என்ற ஒரே நிலையத்தைப் பிரிக்க 50 கோடி டாலருக்கு மேல் ஆனது. அது பெரிய உலை, அங்கே கூலியும் அதிகம் என்பதையெல்லாம் கழித்தாலும் இந்த இடைவெளி மூடாது.

ஆகவே நான் சொல்வது இங்கே பலருக்குக் கசக்கும். நிலையான விலைக்கு, குறித்த தேதிக்குள் முடிப்பதாக எழுதிக் கொடுக்கும் தனியார் வல்லுநர் நிறுவனத்திடம் விடுங்கள். அமெரிக்காவின் இன்னொரு நிலையமான வெர்மான்ட் யாங்கி 2014 இறுதியில் மூடியபோது, அதன் உரிமையாளர் பல பத்தாண்டுகள் பூட்டி வைத்துப் பிறகு பிரிப்பதாகத்தான் திட்டமிட்டிருந்தார். 2019-ல் அதை வாங்கிய பிரிப்பு நிறுவனம் 2030-க்குள் முடிப்பதாக ஒப்புக்கொண்டு வேலையில் இறங்கியது.

காசிமேட்டு மீனவர் மகள்

கணக்கர் அண்ணா, அந்த விரைவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அமெரிக்காவில் இந்த நிறுவனங்கள் நிலையத்தை வாங்கும்போது, பிரிப்புக்கென்று சேர்த்த நிதியும் அவர்கள் கைக்கு வருகிறது. செலவு குறையக் குறைய அவர்களுக்கு மிச்சம். பாஸ்டனுக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள பில்கிரிம் நிலையம் 2019-ல் மூடிய அதே ஆண்டில் இப்படிக் கைமாறியது. அதன்பின் வாங்கிய நிறுவனம் முன்வைத்த யோசனைகளில் ஒன்று, உலையில் தேங்கிய தண்ணீரைச் சுத்திகரித்துக் கேப் காட் விரிகுடாவில் திறந்துவிடுவது. சிப்பி வளர்ப்போரும் மீனவர்களும் எதிர்த்தார்கள்; 2024-ல் மாசசூசெட்ஸ் மாநில அரசு அனுமதி மறுத்தது. மறுக்க அந்த மாநிலத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. நம் மாநில அரசுக்கு என்ன இருக்கிறது?

சுத்திகரித்த தண்ணீரில் ட்ரிடியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் மட்டும்தான் மிஞ்சும், அது அளவுக்குள்தான் இருக்கும் என்று விளக்கம் தருவார்கள். விளக்கம் சரியாகவே இருக்கட்டும். 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதே, அப்போது பாறை இடுக்கில் கெட்டித் தாராய்ப் படிந்ததை ஆட்கள் வரிசையாக நின்று வாளியில் அள்ளிக் கைமாற்றியதை நாங்கள் பார்த்தோம். எண்ணெய் படாத மீனையும் அந்த வாரங்களில் காசிமேட்டில் வாங்க ஆள் இல்லை. மீன் நன்றாகத்தான் இருக்கிறது என்று அதிகாரிகள் சொன்னதால் ஏலத்தில் விலை ஏறவில்லை. உலையை யார் பிரித்தாலும் கடலில் விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் முன்கூட்டி அறிவிப்பும், விலை சரிந்தால் இழப்பீடும் வேண்டும். அதை லாபக் கணக்குப் பார்க்கும் நிறுவனத்திடம் வாங்குவதைவிட அரசிடம் போராடி வாங்குவது எளிது என்பது என் அனுபவம். அரசிடமே அது எளிதாக இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

ராயபுரம் கணக்கர்

தங்கையே, அறிவிப்பும் இழப்பீடும் ஒப்பந்த நிபந்தனைகள். அவற்றைத் தனியாரிடமும் எழுதி வாங்கலாம். வங்கி உத்தரவாதத்தையும் கேட்கலாம்.

எண்ணூர்வாசி

எழுதி வாங்கியவர் நாளை இருப்பாரா என்பதுதான் என் கேள்வி. நீங்கள் மேற்கோள் காட்டிய அதே மெய்ன் யாங்கியில் ஒப்பந்தம் எடுத்த பெரிய நிறுவனம் 2000-ல் நிதி நெருக்கடியில் சிக்கித் திவாலானது. நிலையத்தின் சொந்தக்காரர்களே வேலையைக் கையில் எடுத்து 2005-ல் முடித்தார்கள். இங்கே எண்ணூரில் பழைய அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. அதற்குப் பக்கத்தில் எழும்ப வேண்டிய புதிய 660 மெகாவாட் அலகின் ஒப்பந்ததாரர் திவாலாகி வேலை பாதியில் நின்றதை நாம் தினமும் கடந்து போய்க்கொண்டிருந்தோம். பாதி கட்டிய அனல்மின் நிலையத்தில் துரு ஏறும், அவ்வளவுதான். பாதி பிரித்த உலையை யார் காவல் காப்பது?

தண்டையார்பேட்டை பொறியாளர்

இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் நீங்கள் கேட்கும் தனி அமைப்பும் கடைசியில் ஒப்பந்ததாரரிடம்தானே போகும்? பிரிட்டனில் 2005 முதல் அப்படி ஓர் அரசு ஆணையம் இருக்கிறது. அது மேக்னாக்ஸ் என்ற பழைய வகை உலைகள் உள்ளிட்ட 12 தளங்களின் வேலையை 2014-ல் ஒரு தனியார் கூட்டமைப்பிடம் கொடுத்தது. தோற்ற நிறுவனம் வழக்குப் போட்டது. டெண்டரை மதிப்பிட்ட முறை தவறு என்று 2016-ல் நீதிமன்றம் சொன்னது. அரசு ஏறத்தாழ 10 கோடி பவுண்டு கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டு ஒப்பந்தத்தையும் பாதியில் ரத்து செய்தது. 2019-ல் அந்தத் தளங்கள் மீண்டும் ஆணையத்தின் நேரடிப் பொறுப்புக்கே வந்தன. தனி அமைப்பு என்ற பெயர் மட்டும் எதையும் காப்பாற்றவில்லை.

எண்ணூர்வாசி

அந்தக் கதையின் முடிவைத்தான் நான் கேட்கிறேன், ஐயா. தனியாரிடம் கொடுத்துப் பார்த்து, காசை இழந்து, கடைசியில் அரசின் நேரடிப் பொறுப்புக்கே திரும்பினார்கள். செல்லாஃபீல்டு என்ற இன்னொரு பிரிட்டிஷ் அணுத் தளத்திலும் அதுவே நடந்தது. நாம் நடுவில் உள்ள பத்தாண்டைத் தாண்டிவிடலாமே? கழகத்தின் அனுபவமிக்க ஊழியர்களைப் புதிய அமைப்புக்கு அப்படியே மாற்றிக்கொள்ளலாம். மேற்பார்வைதான் வேறிடத்தில் இருக்க வேண்டும்.

மீஞ்சூர் மேஸ்திரி

பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுகிறேன். ஷட்டவுன் வேலைகளுக்கும் பழைய ஆலை உடைக்கும் வேலைகளுக்கும் ஆள் கூட்டிப் போகிறவன் நான். கழகம், தனியார், தனி அமைப்பு என்று நீங்கள் மூன்றைச் சொல்கிறீர்கள். எனக்கு மூன்றும் ஒரே வாசல். ஏலம் எடுப்பவர் ஒருவர், அவரிடம் உள்குத்தகை எடுப்பவர் இன்னொருவர், அவரிடம் தலைக்கூலிக்குப் பேசுபவன் என்னைப் போன்றவன்.

வடசென்னையில் ஒரு பழைய ஆலையை உடைத்தபோது, நீராவிக் குழாயில் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றைப் பையன்கள் வெறுங்கையால் உரித்தார்கள். உரித்தால்தான் கேஸ் கட்டர் வைக்க முடியும். முகத்தில் துண்டு கட்டியிருந்தார்கள், அதுதான் கவசம். ஒருவனுக்கு விரல் நசுங்கி ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, கேட் பாஸில் ஒரு கம்பெனி பெயர், சம்பளச் சீட்டில் வேறு கம்பெனி பெயர் இருந்தது. இரண்டு பேருமே அவன் எங்கள் ஆள் இல்லை என்றார்கள்.

அணு உலையில் நசுங்குவது கண்ணுக்குத் தெரியாது. ஒரு தொழிலாளியின் உடலில் ஏறும் கதிர்வீச்சு ஐந்தாண்டுக்கு 100 மில்லிசீவர்ட் (அதை அளக்கும் அலகு), எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்று வரம்பு இருப்பதாகச் சொல்கிறார்கள். கதிர்வீச்சை அளக்க நெஞ்சில் குத்தும் பேட்ஜை மாலையில் கேட்டில் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவனுக்கு, தன் கணக்கில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று யார் சொல்வார்கள்? அடுத்த மாதம் அவன் வேறு மேஸ்திரியோடு வேறு மாநிலத்துக்குப் போவான்.

தண்டையார்பேட்டை பொறியாளர்

அதற்கு ஏற்பாடு இருக்கிறது, தம்பி. பாபா அணு ஆராய்ச்சி மையம் நாடு முழுவதற்கும் ஒரே பதிவேட்டைப் பராமரிக்கிறது; நிலையம் மாறினாலும் தொழிலாளி வாங்கிய கதிர்வீச்சின் அளவு அதில் கூடிக்கொண்டே வரும்.

மீஞ்சூர் மேஸ்திரி

இருக்கலாம், ஐயா. அந்தக் கணக்கு அவன் கைக்கு வருகிறதா என்பதே நான் கேட்டது. வங்கிக் கணக்கில் நூறு ரூபாய் ஏறினாலும் அவன் கைப்பேசிக்குச் செய்தி வருகிறது.

காசிமேட்டு மீனவர் மகள்

மேஸ்திரி அண்ணன் சொன்னதை மனுவில் முதல் கோரிக்கையாக வைக்கலாம். யார் பிரித்தாலும் உள்குத்தகைக்கு விடக் கூடாது. ஒவ்வொரு தொழிலாளியும் உரிமம் பெற்ற அமைப்பின் நேரடிச் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும்.

ராயபுரம் கணக்கர்

உள்குத்தகைத் தடைக்கும், நிதியைத் தனிக் கணக்கில் பூட்டி ஆண்டுதோறும் இருப்பை வெளியிடும் கோரிக்கைக்கும் நான் கையெழுத்திடுகிறேன். 2 பைசாவை மறுகணக்கிட வேண்டும் என்பதையும் சேருங்கள். ஆனால் தனியாருக்கு உரிமமே தரக் கூடாது என்ற வாசகம் இருந்தால் என் பெயரை நீக்கிவிடுங்கள்.

எண்ணூர்வாசி

அந்த வாசகம் இருக்கும், ஐயா. சங்கங்களின் கூட்டத்தில் அதை மட்டும் தனியாக வாக்குக்கு விடுகிறேன், தோற்றால் எடுத்துவிடுவேன். பொறியாளர் ஐயா, 306 குழாய்களை மாற்றிய வேலையைப் பற்றி ஒரு பத்தியும், அந்த அனுபவசாலிகளைப் புதிய அமைப்பில் எப்படித் தக்கவைப்பது என்று ஒரு பத்தியும் நீங்களே எழுதித் தாருங்கள்.

தண்டையார்பேட்டை பொறியாளர்

முதல் பத்தியை எழுதித் தருகிறேன். இரண்டாவதில் 'புதிய அமைப்பு' என்ற இடத்தில் 'அணுமின் கழகம்' என்றுதான் எழுதுவேன்; அதையும் வாக்குக்கு விடுங்கள்.