சைக்கிள்ல 50-11 கியர்ல மிதிச்சும் குரூப்பில விடுபட்டுப் போறன், முன் பல்லுச் சக்கரத்தை மாத்தோணுமா?

நிலாவெளிப் பெடியன்:
வணக்கம் அண்ணாமார். ஆறு மாசமா ஞாயிறு விடிய ஒரு சைக்கிள் குரூப்போட திருகோணமலை டவுன்ல இருந்து குச்சவெளி மட்டும் ஓடுறன். பழைய ஜப்பான் ரோட் பைக், பல்லுச் சக்கரம் முன்னுக்கு 50, 34 பல்லில ரெண்டு, பின்னுக்கு 11 தொடங்கி 28 பல்லு மட்டும். நேர் ரோட்டில மணிக்கு 33 கிலோமீற்றர்ல போகேக்க 50-11ல (முன் 50, பின் 11) போட்டு ஒரு மாதிரி சமாளிக்கிறன், ஆனா நிலாவெளி தாண்டி மாடு குறுக்க நிண்டு எல்லாரும் ஸ்லோ பண்ணித் திரும்ப எடுக்கேக்க அவையள் பறந்திடுவினம், எனக்குப் பெடல் அசையவே மாட்டுது. இறக்கக்கண்டிப் பாலம் வரேக்க தனியத்தான் நிப்பன். முன் பல்லு 53 போட்டா சரிவருமா?

உவர்மலை அண்ணன்:
தம்பி, அதுக்குக் காசு செலவழிக்காதீங்கோ. 50-11ல பெடல் ஒருக்கா சுத்த பின் சில்லு நாலரைத் தரம் சுத்தும், சில்லு ஒரு சுத்துக்கு 2.1 மீற்றர் ஓடும், அப்ப 33க்கு நிமிசத்துக்கு 58 மிதிதான். அதே 33ஐ 50-17ல ஓடினா 90 மிதி, ஆனா ஒவ்வொரு மிதிக்கும் கால் குடுக்கிற பலம் மூண்டில ரெண்டுதான். மாடு மறிச்சு 20க்கு இறங்கினா 11ல உங்கட கால் 35 சுத்துக்கு வந்திடும், அதில இருந்து எழும்பவே ஏலாது. பிரேக் பிடிக்க முதலே, பெடல் சுத்திக்கொண்டு இருக்கேக்கயே பின்னுக்கு 21க்குப் போடுங்கோ, எடுக்கேக்க லேசா எடுபடும். நிண்டாப் பிறகு மாத்தவும் வராது. கோணேசர் கோயில் ஏத்தத்துக்கும் இதேதான், ஏத்தம் தொடங்க முதல் மாத்திப்போடோணும்.

சாம்பல்தீவான்:
அண்ணன் சொன்னது சரி. அதோட காத்தையும் பாருங்கோ. கச்சான் காத்து (மேற்கால வாறது) அடிக்கிற மாசத்தில குச்சவெளிக்குப் போகேக்க இடப்பக்கத்தால வரும், முன்னுக்குப் போறவருக்கு நேர பின்னால நிண்டா பாதிக் காத்து உங்களுக்குத்தான். கொஞ்சம் வலப்பக்கமா விலகி நிக்கோணும், ஆனா அது பஸ் வாற பக்கம், கனக்க விலகாதீங்கோ. திரும்பி வரேக்க இடப்பக்கம். எந்தப் பக்கம் எண்டாலும் அவரின்ர பின் சில்லுக்குப் பக்கத்தில உங்கட முன் சில்லு போகக்கூடாது, அவர் ஒரு குழிக்கு வெட்டினா விழுறது நீங்கதான்.

நிலாவெளிப் பெடியன்:
நன்றி அண்ணா, நேத்துத் தனிய ஓடிப் பாத்தனான். 90 சுத்தேக்க மூச்சு முட்டுது, சீற்றில துள்ளுது. 50ல 28 போட்டா கரகர எண்டு சத்தமும் வருது.

உவர்மலை அண்ணன்:
மூச்சு முட்டும்தான், காலில இருந்த பாரம் நெஞ்சுக்கு மாறுது, 75ல தொடங்கிக் கிழமைக்குக் கொஞ்சமாக் கூட்டுங்கோ. துள்ளினா சீற் உயரமா எண்டு பாருங்கோ, பெடல் கீழ நிக்கேக்க குதியை வைச்சா முழங்கால் நேரா நிக்கோணும், இடுப்புச் சரியக்கூடாது. சத்தம் செயின் குறுக்கால இழுபடுறது. 28 தேவைப்பட்டா முன்னுக்கு 34க்கு இறக்குங்கோ, மிதியை லேசாக்கிப்போட்டு இறக்குங்கோ, இல்லாட்டிச் செயின் கழண்டிடும்.