புதுப்பிப்பு: தாழ்வாரத்துக் குடுவைச் செடிக்கு உரம்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் வளரும், பூச்சியுண்ணும் குடுவைச் செடியான என் நெப்பந்திஸ் ராஃப்லசியானாவில் இலைகள் வந்தும் குடுவைகள் உருவாகாததைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். மண்ணில் உரமிடலாம் என்று சிலரும், கூடவே கூடாது என்று சிலரும் பதிலளித்திருந்தீர்கள். இப்போது புதிய இலைகளின் நுனியில் குடுவைகள் பருக்கத் தொடங்கியுள்ளன. இதற்கு முதற்காரணம் உரமன்று, வெளிச்சமே என்பது என் கணிப்பு. காலை வெயில் படும் ஓரத்துக்குத் தொட்டியை நகர்த்திய பிறகே மாற்றம் தெரிந்தது.

சத்துக் குறைந்த அமில மண்ணில் வாழப் பழகிய இச்செடி, தனக்கு வேண்டிய நைட்ரஜனில் பெரும்பகுதியைக் குடுவையில் விழும் எறும்பு முதலிய பூச்சிகளிடமிருந்து பெறுவதால், வேர்ப்பகுதியில் எதுவும் இடாமல், மெதுவாகக் கரையும் ஆஸ்மோகோட் உர மணிகளில் ஒன்றிரண்டை மட்டும் நீருள்ள முதிர்ந்த குடுவைக்குள் போடுகிறேன். மிகுதியாகப் போட்டால் குடுவை அழுகிவிடும். சிங்கப்பூரில் இயல்பாக வளரும் மற்றொரு குடுவைச் செடி இனமான நெப்பந்திஸ் ஆம்புலாரியா, உதிர்ந்த இலைச் சருகுகளிலிருந்தும் சத்தை எடுத்துக்கொள்ளும். அதற்கு இந்த உபசாரமும் வேண்டியதில்லை.

தேங்காய் மட்டைத் துண்டும் பெர்லைட்டும் (இலேசான எரிமலைப் பாறைத் துகள்) கலந்த கலவையை மாற்றவில்லை. ஏடிஸ் கொசுவுக்கு இடம் கொடுக்கக் கூடாதென்பதால், அடித்தட்டில் நீர் தேங்க விடுவதில்லை.

மலேசியாவின் கினபாலு மலையில் வளரும் நெப்பந்திஸ் ராஜா என்ற குடுவைச் செடியைப் பற்றிக் கேட்டவருக்கு: 1,500 மீட்டருக்கு மேல் வளரும் அந்த இனத்துக்குக் குளிர்ந்த இரவுகள் இன்றியமையாதவை என்பதால், குளிரூட்டிய வளர்ப்புப் பெட்டி இல்லாமல் இங்கு அதை வாங்க வேண்டாம்.