‘ஆரா’வுக்கு ஒளிவட்டம் வேண்டாம், ‘படர்குறி’ சரியா?

வணக்கம்.

ஒற்றைத் தலைவலியை ஒட்டி வந்து, சற்று நேரத்தில் மறையும் பார்வை, உணர்வு, பேச்சுக் கோளாறுகளுக்கு ‘ஆரா’ (aura) என்று பெயர். ஒற்றைத் தலைவலிக் கட்டுரைகளில் அதை ‘ஒளிவட்டம்’ என்று எழுதுவதைக் கைவிட வேண்டும்; ‘படர்குறி’ என்று எழுதலாம் என்கிறேன். விரல் நுனியில் தொடங்கும் மரமரப்பு கை வழியே ஏறி உதடு, நாக்கு வரை போவதும் ஆராதான்; பேச வந்த சொல் வாயில் சிக்காமல் போவதும் ஆராதான். இவற்றில் ஒளி எங்கே இருக்கிறது?

> ‘முன்னறிகுறி’ போதாதா?

போதாது. வலிக்குச் சில மணி நேரமோ ஓரிரு நாளோ முன்பே கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல் வரும். அந்தக் கட்டத்துக்கு அந்தச் சொல்லை விட்டுவைப்போம். ஆரா சிலருக்கு வலியோடு சேர்ந்தே வரும், சிலருக்கு வலியே வராது.

ஆராவின் அடையாளம் படர்வது. பார்வையின் நடுவருகே ஒரு புள்ளி மறையும். அதன் ஓரத்தில் வளைந்து வளைந்து மின்னும் கோடு மெல்ல வெளிப்பக்கம் விரியும். 5 முதல் 60 நிமிடத்துக்குள் அடங்கும். மூளையின் வெளி அடுக்கான புறணியில் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஓர் அலை நகர்வதன் வெளித்தோற்றம் இது. அந்த அலையைப் பிரேசில் ஆய்வாளர் லெயாவ் முயல் மூளையில் கண்டு 1944இல் எழுதினார்.

> படர்தாமரை நினைவுக்கு வருகிறதே?

வரட்டும். அதிலும் ஓரம்தான் முன்னேறும், நடு தெளியும். இங்கே ஓரம் மின்னும், நடு மறையும். ‘படர்’ என்பதன் பொருள் இரண்டிலும் ஒன்றே.

> வலிப்பு நோயின் ஆராவுக்கும் இதையே வைக்கலாமா?

கூடாது. அது பெரும்பாலும் நொடிகளில் முடியும்; அதுவே வலிப்பின் தொடக்கம். வேறு சொல் வேண்டும்.

சொல் சரியாக அமைந்தால் கேள்வியும் சரியாக வரும்: “படர்ந்து வந்ததா, பட்டென்று வந்ததா?” பட்டென்று கை மரத்தாலோ பேச்சுக் குழறினாலோ பக்கவாதமாக இருக்கலாம், உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். முதல் முறை வருவதையும் மருத்துவரிடம் காட்டாமல் விடக் கூடாது. ‘படர்குறியுள்ள ஒற்றைத் தலைவலி’ என்று மருத்துவச் சீட்டில் தெளிவாக இருந்தால், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தவிர்க்க வேண்டும் என்பதும் கண்ணில் படும். பக்கவாத அபாயம் கூடும் என்பதே காரணம். ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ட்ரிப்டான் மாத்திரையை வலி தொடங்கியதும் போட வேண்டும். படர்குறியின்போதே போட்டால் பெரும்பாலும் வலியைத் தடுக்காது.

பார்வைப் படர்குறி, உணர்வுப் படர்குறி, பேச்சுப் படர்குறி என்று பிரிக்கலாம். ஒரு பக்கக் கைகால் பலமிழக்கும் வகை 72 மணி நேரம்கூட நீடிக்கும் என்பதால், அதைத் தனித் தலைப்பில் வைப்பதே நல்லது.